பழகுவதற்கு ஓர் உடம்பு

முதல் நாளே அந்த அம்மா என் கையைக் கடித்துவிட்டார். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். மணிக்கட்டுக்கு மேலே பல்லை வைத்தவர் விடவேயில்லை. வாயில் பற்கள் குறைவுதான், ஆனால் இருந்தவை போதுமானவையாக இருந்தன. என்னோடு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கத்தினார்கள். எங்கள் ஆசிரியை ஓடிவந்து அவருடைய மூக்கைப் பொத்தினார். மூச்சுக்காக வாயைத் திறந்தபோதுதான் என் கை வெளியே வந்தது.

"கத்தாதகா," என்றார் அந்த அம்மா, நான் கத்தாமல் நின்றபோதும். "உண்ட கை உப்புக் கரிக்கி."

ஆசிரியை என் கையைப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்திவிட்டுச் சொன்னார். "இவதான் உங்களுக்குப் பழகுறதுக்கு. இவவச் சமாளிச்சா உலகத்தில எந்த நோயாளியையும் சமாளிப்பீங்க."

வாவிக்கரையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊர்ப் பெயர்தான். அந்த அம்மா மாங்கேணி. அங்கே கடற்கரையில் மீன் ஏலம் கூறியும் கருவாடு போட்டும் பிழைத்தவர். கடல் இரைச்சலுக்கு மேலால் கூவிப் பழகிய குரல், கட்டிலில் விழுந்த பிறகும் குறையவில்லை. இடுப்பு முறிந்து, சரியாகப் பொருந்தாமல் போய், எழும்ப முடியாமல் கிடந்தார். கையும் வாயும் மட்டும் முன்பு போலவே வேலை செய்தன.

நான் ஓட்டமாவடியில் இருந்து பஸ்ஸில் வந்து போனேன். வகுப்பில் வயதில் மூத்தவள் நான்தான். அரபு நாட்டில் ஒரு வீட்டில் எசமானியின் தாயைப் பல வருடங்கள் பார்த்திருந்தேன். குளிப்பாட்டினேன், மலசலம் எடுத்தேன், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் நான்தான். ஆனால் என் கடவுச்சீட்டில் வீட்டுப் பணிப்பெண் என்றுதான் இருந்தது. ஊருக்குத் திரும்பியபோது கணவர் வேறு ஒரு வீட்டில் இருந்தார். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் பெண் என் கதையைக் கேட்டுவிட்டு, "அரசாங்கத்திட என்விகியூ தொழில் தகைமைச் சான்றிதழ் எடுங்க. அது இருந்தா இஞ்சையே ஒரு பராமரிப்பாளரா வேலைக்கு எடுப்பாங்க. இல்லாட்டி நீங்க எத்தின பேரக் கழுவினாலும் வேலைக்காரிதான்," என்றார். சொன்னது உண்மை. அதனால்தான் சேர்ந்தேன்.

நகரத்தில் நடந்த வகுப்பில் முதலில் எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை தந்தார்கள். அதைப் புரட்டினோம், துடைத்தோம், விரிப்பு மாற்றினோம். பொம்மைக்கு முன்னால் நின்று, "வணக்கம் அம்மா, நான் உங்கட பராமரிப்பாளர், இப்ப உங்களத் துடைக்கப் போறன், சம்மதமா?" என்று கேட்கப் பழக்கினார்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருந்தது. பொம்மை ஒன்றும் சொல்லாது. கொஞ்சம் நின்றுவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

மாங்கேணி பதில் சொன்னார்.

"சம்மதமில்ல. போடி."

"அம்மம்மா, உங்கட நன்மைக்குத்தானே," என்றாள் ஒருத்தி, படித்ததுபோல.

"எண்ட நன்மைக்கு எண்டா என்னத்துக்குடி அவள் துடைச்ச இடத்த நீயும் துடைக்கிறாய்? மறுகா இவளும் துடைப்பாளே?"

அவர் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி இடப்பக்கம் புரட்டி விரிப்பை மாற்றுவாள். அடுத்தவள் அதே விரிப்பைக் கழற்றி மறுபடி போடுவாள். ஒருத்தி இரத்த அழுத்தம் பார்த்து முடிய இன்னொருத்தி அதே கையில் பட்டியைச் சுற்றுவாள். நகம் வெட்ட நகம் இல்லாமல் போன பிறகும் நகம் வெட்டப் பழகினோம். மற்றக் கட்டில்களில் இருந்த பலருக்கு மகன், மகள் என்று யாராவது வந்து போனார்கள். வந்தால் கேள்வி கேட்பார்கள். மாங்கேணிக்கு யாரும் வருவதில்லை. அவரைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அதுதான் என்று யாரும் வெளியே சொல்லவில்லை.

ஒவ்வொருவரையும் திட்ட அவரிடம் தனித்தனியாக ஒன்று இருந்தது. கறுத்த பிள்ளையைக் கறுப்பென்றும், பல் மிதந்தவளைப் பல் என்றும், முஸ்லிமான என்னைச் சோனகத்தி என்றும் கூப்பிட்டார். என் கதையை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "சோனகத்தி, உண்ட புருசன் ஏன் மற்றவளிட்டப் போனான் எண்டு உண்ட மூஞ்சப் பாத்தா விளங்குது," என்றார். அவருடைய மலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னார். நான் துடைத்து முடித்து, பவுடர் போட்டு, பம்பஸைக் கட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினேன். அவருக்கும் அது தெரிந்தது. சிரித்தார்.

"இந்த உடம்ப வச்சித்தான் நீங்களெல்லாம் வெளிநாடு போகப் போறீங்க," என்பார். "எனக்கு என்னடி தருவீங்க?"

அவர் மீது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் கண் தெரியாத ஒரு வயோதிபப் பெண் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகன் வருவதாகப் பேச்சு. வரமாட்டான். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் மாங்கேணி அவரிடம், "உண்ட மகன் வந்து போறான் புள்ள. நீ நித்திர. பாத்திட்டுப் போயிட்டான்," என்பாராம். அந்தப் பெண், தன்னை ஏன் எழுப்பவில்லை என்று இரவெல்லாம் அழுவாராம். துப்புரவு வேலைக்கு வரும் பெண் இதை என்னிடம் சொன்னாள். நான் போய்க் கேட்டேன்.

"ஏன் அவவுக்குப் பொய் சொல்றீங்க?"

"அவளுக்கு அழுறதுக்கு ஒரு காரணம் வேணும். நான் குடுக்கன். சும்மா கிடந்து சாகிறதுக்கு இது நல்லம்தானே?"

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குறும்பு ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஓர் உதவி செய்வதாக நினைத்திருந்தார். அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்காமலே நான் பஸ்ஸுக்குப் போய்விட்டேன். வேறு யாரும் கொடுத்திருப்பார்கள்.

மதிப்பீட்டு நாள் நெருங்கியது. வெளியில் இருந்து இரண்டு மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் என்ன செய்து காட்டவேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். செய்முறையில் தவறினால் சான்றிதழ் இல்லை. பிள்ளைகள் பலருக்கு வெளிநாட்டு வேலைக்கான பேச்சு அதற்குள் நடந்துகொண்டிருந்தது. வகுப்பிலேயே இளையவள் ஒருத்தி, பயந்த சுபாவம், பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். "கிழவி எனக்கு மேல துப்பினா நான் அழுதிடுவன் ராத்தா. அழுதா பெயில் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

துப்புவது நடக்கக்கூடியதுதான். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, தங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வந்த ஒரு குடும்பம் மாங்கேணியின் வாயில் கேக்கை வைத்துப் படம் எடுத்தது. அவர் கேக்கைக் குடும்பத் தலைவரின் சட்டையில் துப்பினார். இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே களைத்துப்போனார்.

மதிப்பீட்டு நாள் காலை நாங்கள் சீருடையோடு உள்ளே போனபோது மண்டபம் அமைதியாக இருந்தது. நான் உடனே கவனித்தேன். மாங்கேணி கண் பாதி மூடிக் கிடந்தார். வாய் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குப் பெயர் தெரியாது. "அம்மா," என்று தோளைத் தொட்டேன். கண்மணி நகர்ந்து என்னிடம் வந்து, நிற்காமல் போய்விட்டது.

"என்ன நடந்த இவவுக்கு?" என்று துப்புரவுப் பெண்ணிடம் கேட்டேன்.

"நித்திரக் குளிசை குடுத்தது. ஆக்கள் வாறாங்க, அமைதியாக் கிடக்கட்டும் எண்டு மேற்றன் சொன்னவ," என்றாள். அவளுக்கு அது ஒரு பெரிய விடயமாகத் தெரியவில்லை. கூட்டித் துடைத்ததுபோல அதுவும் காலைவேலைகளில் ஒன்று.

பிள்ளைகளின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஒருத்தி மெதுவாக, "நல்லதாப் போச்சு," என்றாள். சீட்டுக் குலுக்கினோம். எனக்குப் படுக்கையில் குளிப்பாட்டுவது. என் பக்கத்தில் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு உணவூட்டுவது. அவள்தான் முதலாவது.

நித்திரையில் இருப்பவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. எழுத்துப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. எல்லோரும் சரியாக எழுதியிருந்தோம். நான் ஆசிரியையிடம் போனேன்.

"மிஸ், அவ நித்திரக் குளிசையில கிடக்கிறா. சாப்பாடு குடுக்கேலாது."

"ஒரு ரெண்டு கரண்டிதானே. முழுங்குவா."

"முழுங்க மாட்டா மிஸ்."

ஆசிரியை என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "இண்டைக்கு விட்டா இவங்க மறுகா எப்ப வருவாங்க எண்டு தெரியாது. இந்தப் பிள்ளையள் எல்லாம் காத்துக்கொண்டு நிக்குதுகள். நீங்க உங்கட வேலையப் பாருங்க."

மதிப்பீட்டாளர்களில் மூத்தவர் கதிரையில் இருந்தார். அவரிடமும் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையான மனிதர். கேட்டுவிட்டு, "உங்களுக்குக் கிடைச்சது உணவூட்டலா?" என்றார்.

"இல்ல சேர். குளிப்பாட்டுறது."

"அப்ப உங்கட முறை வரேக்க வாங்க."

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். கை கழுவினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். மாங்கேணியின் தலை ஒருபக்கம் சரிந்தது. தலையணை வைத்து நிமிர்த்தினாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டினாள். "வணக்கம் அம்மம்மா, இப்ப உங்களுக்குக் கஞ்சி தரப் போறன், சம்மதமா?" என்று கேட்டு, கொஞ்சம் நின்றாள். பிறகு ஊட்டினாள். முதல் கரண்டி கன்னத்துக்குள் தங்கியது. இரண்டாவதை வைத்தாள். "முழுங்குங்க அம்மம்மா," என்றாள், இனிமையாக. மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டிருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டியை எடுத்தாள்.

சத்தம் வரவில்லை. அதுதான் பயங்கரம். அவ்வளவு பெரிய குரலுள்ள பெண்ணிடம் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முகம் மட்டும் நிறம் மாறியது. உதடு நீலமானது. பிள்ளை கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நான் அவளைத் தள்ளிவிட்டேன். மாங்கேணியை என் பக்கம் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு, கிடைத்ததை எல்லாம் வழித்தேன். முதுகில் அடித்தேன். மறுபடி அடித்தேன். என் விரலைக் கடிக்கட்டும் என்று இருந்தது. கடிக்கவில்லை. கஞ்சி என் சீருடையில் வழிந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு கிறீச்சிடும் சத்தத்தோடு மூச்சு திரும்பியது.

மூத்த மதிப்பீட்டாளர் எழும்பி வந்து பார்த்தார். "நல்லம். அவசரநிலையை நல்லாக் கையாண்டிருக்கீங்க. இதையும் சேர்த்துப் போடுறன்," என்றார் என்னிடம். பிள்ளையைப் பார்த்து, "நீங்க மிச்சத்தையும் செய்து காட்டுங்க. வாய் துடைக்கிறது," என்றார்.

அவள் துடைத்தாள். சரியான முறையில், உட்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தாள்.

"இவவ ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும்," என்றேன்.

"முடியட்டும்," என்றார் ஆசிரியை.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். என் முறையும் வந்தது. நான் செய்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு துணி, முகத்தில் தொடங்கிப் பாதம் வரை. இத்தனை வாரங்களிலும் அவருடைய அக்குளையோ மார்புக்குக் கீழேயோ முழுதாகக் கழுவ அவர் விட்டதில்லை. அன்று அவருடைய கைகள் வைத்த இடத்திலேயே கிடந்தன. விரல் இடுக்குகளில் பழைய அழுக்கு இருந்தது. எடுத்தேன். தொடையின் உட்பக்கத்தில் புண் ஒன்று தொடங்கியிருந்தது. யாரும் அதுவரை கண்டிருக்கவில்லை. வேலை இலகுவாக இருந்தது. அந்த இலகுவை என் கைகள் விரும்பின. மதிப்பீட்டாளர் தலையாட்டினார்.

பின்னேரம்தான் காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, வயதும் போய்விட்டது என்றார்களாம். அந்த வாரம் முடியுமுன் மாங்கேணி இறந்துபோனார்.

நான் ஆசிரியையிடம் மீண்டும் போனேன். குளிசையைப் பற்றி மேலிடத்தில் சொல்லவேண்டும் என்றேன். "சொல்லுங்க," என்றார் அவர். "அந்த மதிப்பீடு செல்லாது எண்டு வரும். உங்களுக்கும் செல்லாது. எல்லாப் பிள்ளையளுக்கும் செல்லாது. செத்தவ எழும்பி வருவாவா?" நான் அடுத்த நாளே மேலிடத்தில் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிய அதிகாரி படித்துவிட்டு, குளிசை கொடுத்ததை நான் கண்ணால் கண்டேனா என்று கேட்டார். காணவில்லை. துப்புரவுப் பெண், தான் எதுவும் சொல்லவில்லை என்றாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள்.

செய்தி வகுப்புக்குப் போய்விட்டது. பிள்ளைகள் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். ஒருத்தி மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ராத்தாக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. புருசனும் இல்ல, வயசும் போயிட்டு. எங்கட வாழ்க்கையை என்னத்துக்குக் கெடுக்கிறா?" யாரும் அவளை அதட்டவில்லை. எனக்கு மாங்கேணியின் வாய்தான் அவளுக்குள் புகுந்துவிட்டதுபோல இருந்தது.

உடலை எடுக்க ஒரு மகன் வந்தார். அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. மீன்பிடிக்கும் மனிதர், ஐம்பதைத் தாண்டியிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகமுன் இல்லத்து வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். உடுப்புகளைப் பையில் போட்டு அவரிடம் கொடுக்க என்னை அனுப்பினார்கள். கொடுத்துவிட்டு நான் உள்ளே வரவில்லை.

"அண்ணன், உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்."

நடந்ததைச் சொன்னேன். குளிசை, கஞ்சி, முழு நாளும் நாங்கள் கழுவியது, எல்லாம். நான் முடித்ததும் அவர் சேட்டின் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கையில் இருந்து தோள்வரை தோல் சுருங்கி, மினுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா எறிஞ்ச கொதிக்கிற மீன் சட்டி. எனக்குப் பத்து வயசும் இல்ல," என்றார். "தங்கச்சி இவட வாயக் கேட்டு நஞ்சு குடிச்சவள். வாப்பா... இல்ல, எங்கட அப்பா, கடலுக்குப் போனா கரைக்கு வர மாட்டார். இவட சத்தம் கேட்குமெண்டு."

என்னுடைய முக்காட்டைப் பார்த்து, எங்கள் ஆட்கள் தகப்பனைச் சொல்வதுபோல வாப்பா என்று தொடங்கிவிட்டாராக்கும். தன்னைத்தானே திருத்திக்கொண்டதில் அவருக்குச் சிறிய சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடேயே கேட்டார். "கடைசி நாள் ஒண்டும் கதைக்கல்லையா?"

"இல்ல."

"ஒருத்தரையும் ஏசல்லையா?"

"இல்ல அண்ணன்."

அவர் பையைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். "குளிசை குடுத்தா அந்த வாய் மூடும் எண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே," என்றார். "தெரிஞ்சிருந்தா எல்லாரும் வீட்டிலயே இருந்திருப்பம்."

முறைப்பாடு எதுவும் தர மாட்டேன் என்று இல்லத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். எங்கள் சான்றிதழுக்காகவோ இல்லத்துக்காகவோ அல்ல. அவருக்கு அலைய நேரமில்லை.

என் முறைப்பாடும் அத்தோடு நின்றது. மதிப்பீடு செல்லும் என்றே வந்தது. எல்லோரும் சித்தியடைந்தோம். சான்றிதழ் கொடுக்கும் நாளில் மண்டபத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் அந்த உணவூட்டிய பிள்ளை. அவளுக்கு வெளிநாடு சரிவந்திருந்தது. சேலை கட்டி, பூ வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். மாதக்கணக்காக என்னோடு பேசாதவள், வரிசையில் நிற்கும்போது திரும்பினாள்.

"ராத்தா, கிழவி என்னாலயா செத்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். ஒரு சொல், அவள் போகும் இடத்துக்கு நிம்மதியாகப் போயிருப்பாள். அந்த மண்டபத்தில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குள் எதுவும் இளகவில்லை.

"குளிசை குடுத்தது அவங்க," என்றேன். "ஊட்டினது நீ. நித்திரயில கிடக்கிறா எண்டு உனக்குத் தெரியும்."

அவள் கண் நிறைந்து பவுடரில் கோடு விழுந்தது. அப்போது மேடையில் இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு ஏறிப்போனாள். படம் எடுப்பவர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தாள், சிரித்தாள். நல்ல சிரிப்பாகவே வந்தது.

அடுத்ததாக என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போய் வாங்கினேன்.